செத்தவன் யாருக்காகத் திரும்பி வருகிறான்?

இலக்கியம் படிக்கிற நண்பர்களிடம் பேய்ப்படம் பிடிக்கும் என்று சொன்னால் ஒருவாறு ஏற்றுக்கொள்வார்கள். ஹிட்ச்காக், குப்ரிக், ஜப்பானியப் படங்கள் என்று அவர்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஸ்லேஷர் பிடிக்கும் என்றால் முகம் கொஞ்சம் மாறும். ‘ஃபிரைடே தி தெர்டீன்த்’ ஆறாம் பாகம் பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சையே மாற்றிவிடுவார்கள். முகமூடி போட்ட ஒருத்தன் கத்தியோடு வந்து இளவட்டங்களை ஒவ்வொருவராகக் கொல்கிற கதையை ஒருமுறை பார்ப்பதையே நியாயப்படுத்த முடியாது. அதையே பத்துத் தடவை எடுத்தால் பத்துத் தடவையும் உட்கார்ந்து பார்க்கிறவனை என்ன சொல்வது?

அந்தப் பத்துத் தடவையும் பார்த்தவன் நான். சின்ன வயதில் தொற்றியது, இன்னும் விடவில்லை. இந்தப் படங்களில் பாதிக்குமேல் மோசமானவை என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் ஸ்லேஷர் என்கிற வகை யோசிக்க ஆரம்பிப்பது இரண்டாம் பாகத்தில்தான் என்பேன். முதல் பாகம் பயமுறுத்தும், அதோடு அதன் வேலை முடிந்தது. தப்பித்தவளுக்கு அப்புறம் என்ன ஆச்சு, செத்தவனைத் திரும்ப எழுப்பியது யார் என்ற இரண்டு கேள்விகளும் தொடர்ச்சிப் படங்களில்தான் வருகின்றன.

வியாபாரத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். ஜான் கார்ப்பெண்டர் 1978இல் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்துக்கு ஆன செலவு சுமார் 3 லட்சம் டாலர்தான். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் முகமூடிகூட கடையில் வாங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க் முகமூடி. வெள்ளைச் சாயம் அடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். படம் கோடிக்கணக்கில் சம்பாதித்ததும் ஆளாளுக்கு ஒரு முகமூடி தேட ஆரம்பித்தார்கள். தொடர்ச்சிகள் காசுக்காக எடுக்கப்பட்டவை, இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இது ஹாலிவுட் மட்டும் செய்த வேலையும் இல்லை. சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957இல் பி. என். ராவ் இயக்கத்தில், மரியா மெனாடோ நடித்த ‘பொந்தியானாக்’ படத்தை வெளியிட்டது. கூட்டம் அள்ளியது. அதே ஆண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’, மறு ஆண்டில் ‘சும்பா பொந்தியானாக்’. முதல் இரண்டு படங்களின் பிரதிகள் இன்று இல்லை. மூன்றாம் பாகம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பேய்ப்பட ரசிகனுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேண்டுமா? மூலம் போய்ச் சேர்ந்துவிட்டது, தொடர்ச்சி இன்னும் நடமாடுகிறது.

‘ஹாலோவீன்’ முதல் படத்தின் முடிவு ஞாபகம் இருக்கும். டாக்டர் லூமிஸ் ஆறு குண்டுகள் சுடுகிறார். மைக்கேல் மாடியிலிருந்து கீழே விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்வெளியில் யாரும் இல்லை. பிறகு ஆளில்லாத அறைகள், மாடிப்படி, வீட்டு வாசல் என்று வரிசையாகக் காட்சிகள், அவற்றின்மேல் அவன் மூச்சுச் சத்தம். அச்சம் ஓர் ஆளை விட்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. படமாக அது முழுமையான முடிவு. ஆனால் லாரி ஸ்ட்ரோட் என்கிற பதினேழு வயதுப் பெண் அங்கே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்று அந்தப் படத்தைக் கேட்க முடியாது.

‘ஃபிரைடே தி தெர்டீன்த்’ இரண்டாம் பாகம் (1981) அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. முதல் பாகத்தில் ஜேசனின் தாயைக் கொன்று தப்பித்த ஆலிஸ், இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். கெட்ட கனவு காண்கிறாள். அம்மாவோடு ஃபோனில் பேசி, தன் வாழ்க்கையைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறாள். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாள். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே அந்தத் தாயின் தலை. அடுத்த நொடி பின்னால் இருந்து ஒரு கை. அவள் செத்த பிறகு, அடுப்பில் கூவிக்கொண்டிருக்கும் கெண்டியைக் கொலைகாரன் எடுத்துக் கீழே வைக்கிறான். அதற்கப்புறம்தான் படத்தின் பெயரே திரையில் வருகிறது. ஒரு படம் முழுக்க யார் பிழைக்க வேண்டும் என்று நாம் பதறினோமோ அவளை, பெயர் போடுவதற்கு முன்பே முடித்துவிட்டார்கள். இதைச் சோம்பேறித் திரைக்கதை என்று சொல்லலாம். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. பிழைத்தல் என்பது ஒருநாள் வெற்றி, அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று முகத்தில் அறைந்து சொல்கிற காட்சி அது.

லாரிக்கு நடந்தது இன்னும் விசித்திரம். 1988இல் வந்த நான்காம் பாகத்தில் அவள் ஏற்கெனவே விபத்தில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். ‘ஹாலோவீன் எச்20’ (1998) அதை அழித்துவிட்டு, வேறு பெயரில் ஒளிந்து வாழும் பள்ளித் தலைமையாசிரியையாக அவளைக் காட்டியது. குடிக்கிறாள், மகனை ஓரடி விலக விடமாட்டேன் என்கிறாள். கடைசியில் கோடரியை எடுத்து மைக்கேலின் தலையை வெட்டுகிறாள். கதை முடிந்தது என்று நினைத்தோம். நான்கு ஆண்டு கழித்து ‘ரெசரெக்‌ஷன்’ வந்தது. முகமூடிக்குள் இருந்தது அவன் இல்லையாம், ஓர் ஆம்புலன்ஸ் ஊழியராம். லாரி மனநல விடுதியில் இருக்கிறாள், தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறாள். 2018இல் டேவிட் கார்டன் கிரீன் முதல் படத்தைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். இப்போது அவள் வீட்டைக் கோட்டையாக்கி, துப்பாக்கிகளோடு காத்திருக்கும் பாட்டி. மகளை வளர்ப்பதற்குப் பதில் பயிற்சி கொடுத்தாள், அதனாலேயே மகள் ஒதுங்கிப் போய்விட்டாள்.

கோவலன் கதை ஊருக்கு ஊர் வேறு மாதிரி சொல்லப்படுவதுபோல ஒரே பெண்ணுக்கு நான்கு விதிகள். நான் இவற்றை வரிசையாகப் பார்க்கவில்லை. பாசார் மாலாமில் எந்த விசிடி கிடைத்ததோ அதுதான் வரிசை. லாரி செத்ததை முதலில் பார்த்துவிட்டு, அவள் தப்பித்ததை அப்புறம் பார்த்தேன். அதனால் ‘ஹாலோவீன்’ முதல் படம் எனக்கு எப்போதுமே சோகமான படம். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற அந்தப் பெண்ணுக்கு முன்னால் இத்தனை வயதும், இத்தனை மரணமும் காத்திருக்கின்றன. ஒரு தொடர்ச்சிப் படம் தன் மூலத்தை இப்படியும் மாற்றிவிடும்.

தமிழ்ப் பேய்ப்பட வரிசைகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ‘காஞ்சனா’ படங்களில் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது. அநியாயம் நடந்தது, பழி தீர்ந்தது, பேய் போனது. அடுத்த பாகத்தில் புதுப் பேய், புது வழக்கு. ராகவா லாரன்ஸ் மட்டும் ஒன்றுமே நடக்காதவர்போல மறுபடியும் இருட்டைப் பார்த்துப் பயந்து அம்மா இடுப்பில் ஏறுவார். சிரிப்புக்கு அது தேவை, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அங்கே நியாயம் கிடைப்பதற்கு விலையாக ஞாபகம் போய்விடுகிறது. ஸ்லேஷரில் தீர்க்கக்கூடிய வழக்கு எதுவும் இல்லை. மைக்கேல் ஏன் கொல்கிறான் என்று முதல் படம் சொல்லவே இல்லை. 1981இல் வந்த இரண்டாம் பாகம் லாரி அவன் தங்கை என்று ஒரு காரணத்தை ஒட்டவைத்தது, அந்த நிமிடமே அவன் பாதி ஆளாகிவிட்டான். தீர்ப்பு கிடைக்காதவர்களுக்கு மிஞ்சுவது ஞாபகம். லாரி எதையும் மறப்பதில்லை.

பெண்களைக் கொன்று ரசிக்கிற படங்கள்தானே இவை என்ற குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. ‘ஃபைனல் கேர்ள்’ என்ற பெயரைக் கொடுத்த கேரல் குளோவர், 1992இல் வந்த தன் புத்தகத்தில் இதை நேராக எதிர்கொண்டார். பார்வையாளன் கொலைகாரனின் கண் வழியாகப் படத்தைத் தொடங்கி, கடைசியாக மிஞ்சும் பெண்ணின் கண் வழியாக முடிக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். முதல் பாகங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். தொடர்ச்சிகளில்தான் சிக்கல். பெண்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கொலைகாரன் நிரந்தரம். ஃபிரெடி குரூகர் பாகத்துக்குப் பாகம் ஜோக் அடித்தான், பொம்மையாகக் கடைக்கு வந்தான். மைக்கேல் இல்லாமல் எடுத்த ‘ஹாலோவீன்’ மூன்றாம் பாகத்தை (1982) ரசிகர்கள் சீந்தவில்லை, அவனைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கினார்கள். நாம் டிக்கெட் எடுப்பது அவனுக்காகத்தான். அவன் வந்தால் லாரி தூங்க முடியாது என்று தெரிந்தேதான் எடுக்கிறோம்.

வெஸ் கிரேவனுக்கு இது புரிந்திருந்தது. ‘எல்ம் ஸ்ட்ரீட்’ முதல் படத்தில் (1984) ஃபிரெடிக்கு முதுகைக் காட்டி, உனக்கு நான் கொடுத்த சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள் நான்ஸி. மூன்றாம் பாகத்தில் (1987) அவள் மனநல மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு உதவ வந்து, அங்கேயே ஃபிரெடி கையில் சாகிறாள். 1994இல் கிரேவன் ‘நியூ நைட்மேர்’ எடுத்தார். அதில் நான்ஸியாக நடித்த ஹெதர் லாங்கன்காம்ப் தானாகவே வருகிறார். ஒரு டிவி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருக்கும்போது ஃபிரெடி வேஷத்தில் ராபர்ட் இங்லண்ட் நுழைய, அரங்கில் இருக்கும் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். ஹெதரின் முகத்தை மட்டும் கவனியுங்கள். பத்து வருஷமாக அவரைத் துரத்துவது கத்தி விரல்கள் மட்டும் இல்லை, அந்தக் கைதட்டலும்தான்.

‘ஃபிரைடே’ ஆறாம் பாகத்தை (1986) நான் விட்டுக்கொடுக்காததும் இதனால்தான். சிறுவனாக இருந்தபோது ஜேசனைக் கொன்ற டாமி, அவன் செத்துவிட்டான் என்று உறுதிசெய்துகொள்ளக் கல்லறையைத் தோண்டுகிறான். ஆத்திரத்தில் இரும்புக் கம்பியைப் பிணத்தில் குத்துகிறான். மின்னல் கம்பியில் இறங்க, ஜேசன் எழுந்துவிடுகிறான். பிழைத்தவனின் ஞாபகமே கொலைகாரனுக்கு உயிர் கொடுக்கிறது. அப்புறம் கல்லறைக் காவலாளி வந்து, தோண்டிக் கிடக்கிற குழியைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார். சிலருக்குப் பொழுதுபோக்கு எப்படியெல்லாம் இருக்கிறது பார் என்று நேராகக் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். நம்மைத்தான்.

‘ஸ்க்ரீம்’ வரிசை இந்தக் குற்றத்தை வெளிப்படையாகவே பதிவு செய்தது. இரண்டாம் பாகத்தின் (1997) தொடக்கத்தில் தியேட்டர் முழுக்க முகமூடி போட்ட ரசிகர்கள். ஒரு கறுப்பினப் பெண் கத்திக்குத்து வாங்கித் திரைக்கு முன்னால் ஏறி நின்று அலறுகிறாள். விளம்பரம் என்று நினைத்துக் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. 2022இல் வந்த ஐந்தாம் பாகத்தில் கொலைகாரர்களே ரசிகர்கள்தான். தங்களுக்குப் பிடித்த படவரிசையைக் கெடுத்துவிட்டார்கள், உண்மையான கொலைகளைச் செய்து நல்ல கதை கொடுப்போம் என்று கிளம்பியவர்கள். என்னைப் போன்றவனை இவ்வளவு துல்லியமாகத் திட்டிய படம் வேறு இல்லை. முதல் நாளே பார்த்தேன்.

ஆறாம் பாகத்தில் (2023) சிட்னி பிரெஸ்காட் இல்லை. சம்பளம் தன் பங்களிப்புக்கு ஈடாக இல்லை என்று நெவ் கேம்பெல் விலகிக்கொண்டார். படத்தில் சிட்னி குடும்பத்தோடு பாதுகாப்பாக எங்கோ போய்விட்டாள் என்று போகிறபோக்கில் ஒரு வசனம் மட்டும். 1996இலிருந்து ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அது. கேமரா இல்லாத இடத்தில் இருந்ததால் கிடைத்தது. ஏழாம் பாகத்துக்கு அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, அவளை நிம்மதியாக விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷம்தான் வந்தது.