எண் எழுதப்படாத கூட்ஸ் பெட்டி

63 மில்லிமீட்டர் நீளம், 28 மில்லிமீட்டர் அகலம். என் மேசைமேல் இருக்கும் கூட்ஸ் பெட்டியின் அளவு இது. நிஜப் பெட்டி ஏறக்குறைய 18 அடிக்கு 8 அடி என்று சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட போர்க்கைதிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை 87-ஆல் வகுத்தால் என் பெட்டி வரும். எச்ஓ அளவுகோல் என்பார்கள். பிளாஸ்டிக் தகடு, ஊசிமுனையில் குத்தி எடுத்த ரிவெட் தலைகள், சிவப்புக் காவி வண்ணம். மூன்று மாதமாகச் செய்கிறேன், இன்னும் முடியல. ஏன் முடியலன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் இருப்பது அம்பாங்கில். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தேன், வேலையும் அதே துறைதான். வேலைக்குப் போகும் எல்ஆர்டி, பல இடங்களில் பழைய அம்பாங் ரயில் தடத்தின் மேலேயே ஓடுகிறது. ஈயக் காலத்தில் போட்ட கிளைப்பாதை அது. 1996-இல் எல்ஆர்டி வந்தபோது தடம் அப்படியே இருந்தது, அகலம் மட்டும் மாறிவிட்டது. அன்றைக்கு 1000 மில்லிமீட்டர், இன்றைக்கு 1435. தினமும் ஏறி இறங்குகிற யாருக்கும் இந்த 435 மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு ஆச்சு. மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் தண்டவாள அகலம் அதே ஒரு மீட்டர்தான் என்பது இந்தத் தேடலில்தான் தெரிந்தது. 1918-லேயே பாடாங் பெசார் வழியாக மலாயாப் பாதை சயாம் பாதையோடு இணைந்துவிட்டது. அதனால்தான் நம் ஊர்ச் சரக்குப் பெட்டியில் ஆளை ஏற்றிக் கதவைச் சாத்தினால், இடையில் பெட்டி மாற்றாமலே பான் போங் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக முடிந்தது. பெட்டி மட்டுமா போச்சு? தம்பின்–மலாக்கா பாதையின் தண்டவாளங்களையும் ஜப்பானியர் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அந்தக் கிளை திரும்பப் போடப்படவே இல்லை. மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லைன்னு யாராவது கேட்டால் இந்தப் பதிலும் அதில் இருக்கு.

ஒரு பொருளை அளவுகோலில் செய்வதும் அதை வாசிப்பதுதான் என்று நினைக்கிறேன். கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே இருக்குன்னு கேட்கிற மாதிரி, இந்தக் கொக்கி ஏன் வெளிப்பக்கம் இருக்குன்னு கேட்கணும். பெட்டியின் கொக்கி வெளிப்பக்கம்தான் இருக்கும். அரிசியும் ரப்பர் ஷீட்டும் உள்ளேயிருந்து கதவைத் திறக்கப் போவதில்லையே.

உலகம் முழுக்கக் கூட்ஸ் பெட்டிகளை ஆராய்ந்து மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எந்த வருஷம் கட்டியது, எந்தப் பட்டறை, கதவுக்கு எத்தனை பலகை, பிரேக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரே ஒரு பெட்டிக்காக வருஷக்கணக்கில் பழைய புகைப்படங்களைத் துழாவுவார்கள். நம்ம இலக்கியக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனால் அந்தக் கலைக்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு. துருவை அவ்வளவு நுட்பமாகத் தீட்டுகிறவன், மழை நீர் வழிந்த கோட்டை மயிரிழைத் தூரிகையால் இழுக்கிறவன், உள்ளே என்ன சுமை போச்சுன்னு கேட்கும்போது அரிசி, நிலக்கரி, மரம் என்பதோடு நின்றுவிடுகிறான். துரு அழகாகிவிடுகிறது. காலம் என்றால் பெட்டியின் வெளிப்புறத்தில் படிகிற நிறம் மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது.

இதன் உச்சம் டோக்கியோவில் இருக்கிறது. யாசுகுனி ஆலய வளாகத்தின் யூஷுகான் காட்சியகத்தில் சி56 வகை எஞ்சின் ஒன்று நிற்கிறது, எண் 31. சயாம்–பர்மா பாதையில் ஓடிய எஞ்சின், 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பியது. படங்களில்தான் பார்த்திருக்கிறேன். கருப்பு வண்ணம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. என் கண்ணுக்கு அதுவும் ஒரு மாதிரிதான், ஒன்றுக்கு ஒன்று அளவுகோலில் செய்தது. நட்டு போல்ட் எல்லாம் சரியாக இருக்கு. தண்டவாளத்துக்குக் கீழே இருந்ததைத்தான் விட்டுவிட்டார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் எனப் பிடித்துப் போன ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் இடையிலேயே 20,000 பேர் இருக்கிறார்கள், கவனியுங்கள்.

திரைப்படமும் இதே தப்பை வேறு விதத்தில் செய்தது. 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ இலங்கையில், கித்துல்கலவில் எடுக்கப்பட்டது. தமிழர்கள் தேயிலை பறிக்கும் மலைகளுக்குப் பக்கத்திலேயே போய்ப் படம் எடுத்தும் அந்தப் பாதையின் தமிழர்களுக்குக் கதையில் இடமில்லை. இரும்பிலும் கான்கிரீட்டிலும் நிற்கிற பாலம் படத்தில் மரப்பாலமாகி, ஒரு ஆங்கிலேய கர்னலின் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. நல்ல படம்தான், மறுக்கல. ரயில் கவிழும் காட்சியை நானும் நாலு தடவை பார்த்திருக்கேன். கூட்ஸ் பெட்டியை மட்டும் அதில் தேடக்கூடாது.

எரிக் லோமாக்ஸ் எழுதிய ‘தி ரயில்வே மேன்’ (1995) வேறு ரகம். நான் தேடியதற்கு மிகப் பக்கத்தில் வந்த புத்தகம் அதுதான். லோமாக்ஸ் எடின்பரோவில் வளர்ந்த ரயில் பித்தர். சின்ன வயதிலேயே எஞ்சின் பார்க்க ஊர் ஊராகச் சுற்றியவர். சிங்கப்பூர் விழுந்தபோது கைதியாகி, காஞ்சனாபுரிப் பக்கம் ரயில்வே பட்டறை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். முகாமில் ரகசிய ரேடியோவோடு அவர் கையால் வரைந்த ரயில் பாதை வரைபடம் ஒன்றும் பிடிபட்டது. அதற்காக அவர் பட்ட அடியும் சித்திரவதையும் புத்தகத்தின் நடுவில் இருக்கிறது. என் மாதிரி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைகிற அதே மாதிரி வரைபடம்! தான் நேசித்த பொருளாலேயே நொறுங்கியவர், அந்த நேசத்தைக் கடைசிவரை பொய் என்று சொல்லவில்லை. 2013-இல் வந்த படம் அவரை விசாரித்த மொழிபெயர்ப்பாளரைச் சந்திப்பதிலும் மன்னிப்பதிலும்தான் அதிகம் நிற்கிறது. எனக்குப் புத்தகத்தின் முதல் பகுதிதான் முக்கியம். அதைப் படிக்காமல் மன்னிப்புக்குப் போனால் எதை இழந்தவர் மன்னிக்கிறார் என்றே தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு பெயர் இருந்தது, பதவி இருந்தது, திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது, எழுத ஒரு மொழியும் அதைப் பதிப்பிக்க லண்டனும் இருந்தன. பக்கத்துப் பெட்டியில் போனவர்களுக்கு இதில் எதுவும் இருக்கல.

தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இல். சீ. அருண் ஆய்வாக எழுதியிருக்கிறார். போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு ஒரு நாவல், பிறகு இன்னொன்று. இந்த நாவல்களிடம் நான் பெட்டியின் அளவைக் கேட்கப் போவதில்லை. நாவலின் வேலை அது இல்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்லணும். ஆங்கிலத்தில் அதன் பெயர் பாதையைக் குறிக்கிறது. நம்மிடம் அது ‘மரண ரயில்’ ஆகிவிட்டது, ‘பாதை’ என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. ரொம்ப நாள் இதை மொழிபெயர்ப்புச் சோம்பல் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றல. பாதை என்பது போட்டவன் நினைவு. அங்கே போகாமல் இங்கேயே நின்றவர்களுக்கு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், கண்ணில் பட்டது புறப்பட்ட ரயில் மட்டும்தான். அந்தச் சொல்லைத் தமிழில் வைத்தவர்கள் ஸ்டேஷனில் நின்றவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பாட்டி அப்படி நின்றவர். ஏழு வயது. அவங்க அப்பாவை ரவாங்கில் ஏற்றினார்கள். மூணு மாசம்தான், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம்னு சொல்லித் தோட்டத்தில் பேர் எடுத்தார்களாம். திரும்பி வரல.

பெட்டியை முதலில் பாட்டியிடம் காட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். காபி கொண்டு வந்தபோது அவங்களே பார்த்துட்டாங்க. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாங்க.

“இது என்னய்யா, கூட்ஸா?”

“ஆமா பாட்டி. அந்தக் காலத்துப் பெட்டி.”

“இவ்ளோ தாழ்வா இருக்காதுய்யா. அப்பாவ ரெண்டு பேரு கையக் குடுத்துத் தூக்கித்தான் ஏத்துனாங்க. எங்கப்பாவுக்கு அப்பவே முட்டி வலி.”

நான் முதலில் அதைக் குழந்தையின் கண் என்று ஒதுக்கினேன். ஏழு வயசுக்கு எல்லாமே உயரம்தானே. அன்று ராத்திரி படுக்கும்போது உறைத்தது. பிளாட்பாரத்தில் நிறுத்தியிருந்தால் பெட்டியின் தளத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் பெரிய உயர வித்தியாசம் இருக்காது, முட்டி வலிக்காரரும் ஒரு அடி எடுத்து வைத்து ஏறியிருப்பார். தூக்கித்தான் ஏற்ற முடிந்தது என்றால் அவர்கள் ஏறியது தரையிலிருந்து. தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அதாவது ரவாங்கில் பயணிகள் ஏறும் இடத்தில் ஏற்றவில்லை, ஓரத்துச் சரக்குத் தடத்தில் நிறுத்தி ஏற்றியிருக்கணும். பாட்டி உயரத்தைத் தப்பாகச் சொல்லல. நான் தப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்மொழி வரலாறு நம்பத்தகுந்ததா என்று எத்தனையோ கருத்தரங்கில் கேட்டாச்சு. ஒரு கூட்ஸ் பெட்டியின் தள உயரத்தை வைத்துக் கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்காது.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். ஐந்தடி நாலங்குல ஆள் இந்த அளவுகோலில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருவான். தோள் அகலம் 5 மில்லிமீட்டர். அந்த அளவில் 30 உருவம் வெட்டினேன். கைதிகள் தங்கள் பெட்டிகளைப் பற்றி எழுதும்போது அடிக்கடி சொல்கிற எண்ணிக்கை முப்பதை ஒட்டித்தான் வருகிறது. கூரையைக் கழற்றிவிட்டுப் படுக்க வைத்துப் பார்த்தேன். குறுக்கே 12 பேர், மிச்சமிருந்த இடுக்கில் நீளவாக்கில் 3 பேர். பதினைந்தோடு முடிந்தது. பாதிப் பேர் படுத்தால் பாதிப் பேருக்கு நிற்கவும் இடமில்லை, காலுக்கிடையில் கால் வைத்துத்தான் நிற்கணும். ஆளுக்கு இரண்டேகால் அடிச் சதுரம்கூட வராது. சிங்கப்பூரிலிருந்து பான் போங்குக்கு நான்கைந்து நாள் ஆனதாகக் கைதிகள் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இந்தப் பெட்டியின் வில் பட்டைகள் பத்து டன் அளவுச் சரக்குக்காகச் செய்தவை. முப்பது பேரைச் சேர்த்தால் ஒன்றரை டன்தான் தேறும். வில் கொஞ்சம்கூட அமுங்காது. காலி லாரியின் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு தண்டவாள இணைப்பும் நேராக முதுகெலும்புக்கு வரும். மேலே மெல்லிய இரும்புத் தகடு, பகலில் அடுப்பு, ராத்திரி மழையில் ஐஸ். கெட்ட எண்ணத்தோடு யாரும் இப்படி வடிவமைக்கவில்லை. அரிசிக்கு அது மிக நல்ல பெட்டி. எங்கள் துறையில் இதை ‘வடிவமைப்பு நோக்கத்துக்கு வெளியிலான பயன்பாடு’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவோம்.

உருவங்களை உள்ளே ஒட்டலாமா என்பது அடுத்த கேள்வி. ஒட்டிப் பார்த்தேன், சகிக்கல. பொம்மை ஆகிவிட்டார்கள். துன்பத்தைக் காட்டுகிற டையோராமா எதுவும் எனக்கு இதனால்தான் பிடிப்பதில்லை. பார்க்கிறவனைக் கடவுள் உயரத்தில் நிறுத்தி, மேலிருந்து இரக்கப்படச் சொல்கிறது. உருவங்களை எடுத்துவிட்டுக் கூரையை ஒட்டிவிட்டேன். இப்போது உள்ளே எதுவும் தெரியாது. ரவாங்கில் ரயில் நகர்ந்தபோது பாட்டிக்கும் உள்ளே எதுவும் தெரிந்திருக்காது.

மிச்சம் இருப்பது எண். மாதிரி செய்கிறவர்களிடையே ஒரு கறார் உண்டு, நான் மதிக்கிற கறார். பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் எண், வெற்று எடை, சுமை எடை எழுதணும். அந்த எண் நிஜமாக ஓடிய ஒரு பெட்டியின் எண்ணாக இருக்கணும். கற்பனை எண் எழுதுவது ஏமாற்று. போருக்கு முந்திய மலாயாப் பெட்டிகளின் புகைப்படங்களிலிருந்து ஒரு நல்ல எண்ணை எடுத்து எழுதிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அப்படி எழுதினால் அது அந்தப் பெட்டியாகிவிடும், கொள்ளுத்தாத்தா போன பெட்டியாக இருக்காது. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அதே ஊரில் வாட் தாவோர்ன் வராராம் கோவிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு ஒரே ஒரு கூட்டு நினைவிடம்.

பாட்டி அன்றைக்கே ஒன்று கேட்டாங்க. “கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?” நடுவில், இரண்டு பக்கமும் என்றேன். “நாங்க நின்ன பக்கத்த சாத்தல. அந்தப் பக்கத்தத்தான் சாத்தியிருந்தாங்க.”

ஒரு பக்கக் கதவைக் கத்தியால் பெயர்த்து எடுத்துவிட்டேன். அதைத் திறந்த நிலையில் திரும்ப ஒட்டணும். கொஞ்சம் தகடு உடைந்திருக்கு, புதுசா வெட்டணும்.