பெயரும் நிழலும்: தமிழினியின் தன்வரலாறு பற்றி ஒரு நோக்கு

பழைய வாழ்வினின்றும் ஒருவர் வளர்ந்து வெளியேறுதல் என்பது வன்னியைக் களமாகக் கொண்ட ஈழத்து எழுத்துகளுக்குப் புதிய பொருளன்று. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலில், தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வளர்ந்த பதஞ்சலி இவ்வாறே மாறுகிறாள். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியரின் தொடர்பு அவளது உலகை விரித்த பின்னர், முன்னைய வெள்ளை மனத்துக்குத் திரும்புதல் அவளுக்கு இயலாததாகின்றது. (அக்கிராமத்து மக்களே 1984இல் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது வேறு கதை.) ஆயினும் அம்மாற்றத்தைப் பதஞ்சலி சொல்லவில்லை, அவள்பாற் பரிவுகொண்ட நாவலாசிரியரே சொல்கின்றார். மாறியவரே தம் மாற்றத்தை எழுத முற்படும்போது நேரும் இடர்ப்பாடுகள் வேறானவை. 2016இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அத்தகைய இடர்ப்பாடுகளின் நடுவே எழுந்த நூலாகும்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் 1972இல் பிறந்த சிவகாமி, 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து தமிழினியானார். அதன் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக உயர்ந்தார். 2009 மே மாதம் பொதுமக்களோடு வவுனியா முகாமை அடைந்து, அங்கே கைதானார். சிறைவாசமும் புனர்வாழ்வு முகாமும் கழிந்து 2013 ஜூனில் விடுதலையானார். 2015 ஒக்டோபரில் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. தமது நூலை அச்சிற் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நூல் வெளிவந்ததும் ஒருசாரார் அதனைத் துரோகம் என்றனர். மறுசாரார் மனந்திருந்தல் என்று மகிழ்ந்தனர். இறந்தவரின் எழுத்திற் பிறர் கைபட்டதோ என்னும் ஐயமும் கிளப்பப்பட்டது. சான்றின்றி அதனை நீட்டுவதிற் பயனில்லை. முதலிரு சாராரும் நூலை வாக்குமூலமாகவே கொண்டனர் என்பதே இங்கு நோக்கற்பாலது. தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு சாட்சியத்தைப் படிப்பது விமரிசனமாகாது.

அட்டையிலிருந்தே தொடங்கலாம். அதில் நிற்பது பெற்றோர் இட்ட பெயரன்று. இயக்கம் தந்த பெயர். வாசகர் அறிந்த பெயர் அதுவே என்பது ஒரு காரணமாகலாம். எனினும், இயக்க வாழ்வினின்றும் விடுபட்டதைச் சொல்ல வந்த நூல் இயக்கப் பெயராலேயே பேச வேண்டியிருந்தமை தற்செயலானதன்று. பத்தொன்பது வயதிற் புகுந்து முப்பத்தேழு வயதில் வெளியேறியவருக்குக் கழற்றி எறிவதற்குப் பழைய சட்டையென ஒன்று தனியே இருக்கவில்லை. அவர் ஆளானதே அச்சட்டைக்குள்ளேதான். தலைப்பும் இவ்விரண்டக நிலையைக் காட்டுகின்றது. தமிழில் நிழல் என்பது இருளுமாகும், ஒதுங்குமிடமுமாகும். ஆனால் அக்கூர்வாளைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை என்பதைத் தலைப்புச் சொல்வதில்லை.

நூலின் குறையும் இங்கேதான் பிறக்கின்றது. பேச்சுவார்த்தைக் காலம், 2004இல் கருணா பிரிந்தமை, இறுதிப் போர் ஆகியவற்றை விவரிக்கையில் இயக்கத்தின் போக்கு விரிவாகவே ஆராயப்படுகின்றது. அவ்வியக்கத்தின் குரலாக மேடையேறிய தமிழினி அவ்வேளையில் எதனை நம்பினார், எவ்விடத்தில் ஐயுற்றார், ஐயுற்ற பின்னரும் ஏன் தொடர்ந்தார் என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடையோ மெலிந்தது. பின்னாளில் வந்த தெளிவு முன்னாளைய நிகழ்ச்சிகளின்மேல் ஏற்றப்படுவதால், மாற்றத்தின் விளைவு தெரிகிறதேயன்றி மாற்றம் நிகழ்ந்த விதம் தெரிவதில்லை. கட்டாய ஆட்சேர்ப்பிலே பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் இன்றும் வன்னியில் வாழ்கின்றன. இயக்கம் பிழைவிட்டது என்று அவர்களுக்கு எவரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அப்பிழைக்குள் நின்ற ஒருவரின் மனம் அன்று எவ்வாறு இயங்கிற்று என்பதை உள்ளிருந்தவரே சொல்ல முடியும். அதனைச் சொல்லத்தக்க நிலையில் இருந்த மிகச் சிலருள் தமிழினி ஒருவர்.

இக்குறையை நேர்மையின்மை எனல் பொருந்தாது. காந்தி தமது ‘சத்திய சோதனை’யை 1925இல் ‘நவஜீவன்’ இதழில் எழுதத் தொடங்கியபோது, தென்னாபிரிக்க வாழ்வை நீங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தமிழினிக்கோ விடுதலைக்கும் மரணத்துக்கும் இடையே இரண்டரை ஆண்டுகூட இல்லை. புனர்வாழ்வு பெற்றோர்மீது அரசின் கண்காணிப்பு நீங்காத காலம் அது, உடலில் நோய், சுற்றிலும் ஏசுவதற்குக் காத்திருந்த வாய்கள். கடந்த வாழ்வை எட்ட நின்று பார்ப்பதற்கு வேண்டிய தூரம் அவருக்கு வாய்க்கவில்லை.

எனினும் பெண்களைப் பற்றிப் பேசும் பகுதிகளில் அத்தூரம் எவ்வாறோ கைகூடிவிடுகின்றது. துப்பாக்கி ஏந்தியதாலேயே பெண் விடுதலை வந்துவிட்டதென ஒருகாலத்தில் மேடைகளில் முழங்கப்பட்டது. அம்முழக்கத்தில் தாமும் பங்குகொண்டிருந்த ஒருவர், சமூகத்தின் அடிமனம் அசையாமலே கிடந்ததை இங்கே கண்டுகொள்கின்றார். போர் முடிந்தபின் ஊர் திரும்பிய பெண்களிடம் எதிர்பார்க்கப்பட்டது பழைய அடக்கமே. களத்தில் அணியை நடத்தியவள், திருமணப் பேச்சு வருகையில் கடந்த காலத்தை மறைக்க வேண்டியவளானாள். அவர்கள் வளர்ந்து நீங்கிய வாழ்வு அவர்களை விட்டு நீங்கியிருக்கவில்லை. வீட்டு வாசலில் காத்திருந்தது. இதனை எழுதுகையில் தமிழினியின் நடையில் அரசியல் அறிக்கையின் சாயல் குறைகின்றது, வாக்கியங்கள் குறுகுகின்றன. இயக்கம் எங்கே தவறியது என்பதை ஆராயும் பக்கங்களைப் பிறரும் எழுதியிருக்கலாம். இப்பக்கங்களை அவரன்றிப் பிறர் எழுதியிருத்தல் அரிது.