ஐந்தரை நிமிஷ உல்லாசம்

மோட்டார்ப் பந்தயக் கணினி விளையாட்டுகள் என்றாலே அவை பள்ளிப் பிள்ளைகளின் விரல் துடிப்புக்காக ஏற்பட்டவை என்றும், வேகமும் மோதலும் கூச்சலுமே அவற்றின் சாரம் என்றும், பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பவர்கள் வாசற்படியில் நின்று “சாப்பிட வா” என்று ஒரு குரல் கொடுப்பதோடு அவற்றுடனான தங்கள் சம்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே நிலைபெற்றிருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளைப் பொறுத்தவரையில் அந்த அபிப்பிராயத்தோடு எனக்கு விவகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் 1986-ஆம் ஆண்டில் ஜப்பானிய சேகா நிறுவனத்தார் வெளியிட்ட ‘அவுட் ரன்’ என்ற விளையாட்டை அந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. அது நிதானமாக ரசிக்கத்தக்க ஒரு கலைப்படைப்பு. பழகப் பழக அதன் ருசி கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்பது, மகன் வாங்கி வைத்த கருவியில் அதை விடாமல் ஆடி வருகிற ஒரு தாயின் துணிபு.

அமைப்பு வெகு எளிது. மேற்கூரை இல்லாத சிவப்பு ஃபெராரி டெஸ்டரோஸா கார் ஒன்று கடற்கரைச் சாலையில் நிற்கிறது. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சமிக்ஞை கிடைத்ததும் புறப்பட வேண்டியது. ஒரு ஸ்டியரிங், ஓர் ஆக்ஸிலரேட்டர், ஒரு பிரேக், இரண்டே இரண்டு கியர். முதற்கட்டத்துக்கென்று ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட அவகாசம் தரப்படுகிறது. அதற்குள் எல்லையைத் தொட்டுவிட்டால் மேலும் சில விநாடிகள் நம் கணக்கில் வரவு வைக்கப்படும். இப்படி ஐந்து கட்டங்கள். தடங்கலில்லாமல் ஓடினால் ஆதியோடு அந்தமாக ஏறக்குறைய ஐந்தரை நிமிஷம். “இதுல என்னம்மா இருக்கு? ஒரே கார், ரெண்டு கியர்!” என்று கேட்கிற என் மகன், நூற்றுக்கணக்கான கார்களும் அவற்றின் டயர்க் காற்றழுத்தம் வரைக்கும் மாற்றியமைக்கிற வசதியும் உள்ள நவீன விளையாட்டுகளில் தேர்ந்தவன். அவனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் நீளமானது.

முதலாவதாக, இது பந்தயமே அன்று. இதில் முந்த வேண்டிய எதிராளி எவனும் இல்லை. முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சும் இல்லை. சாலையில் குறுக்கிடுகிற வோக்ஸ்வாகன் பீட்டில்களும் லாரிகளும் நம்மைத் தோற்கடிக்க வந்தவை அல்ல. தங்கள் தங்கள் காரியமாக எங்கோ போய்க்கொண்டிருப்பவை. இந்த விளையாட்டுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் நாம்கோ நிறுவனத்தார் வெளியிட்டுப் புகழ்பெற்ற ‘போல் பொஸிஷன்’ என்ற விளையாட்டிலே, ஓரத்து விளம்பரப் பலகையின்மேல் பட்டால் போதும், கார் வெடித்துச் சிதறிவிடும். ‘அவுட் ரன்’னை வகுத்த யூ சுஸுகிக்கு இவ்வகைத் தண்டனையில் பிரியம் இருந்ததில்லை. தம்முடையது பந்தய விளையாட்டு அல்ல, கார் ஓட்டும் விளையாட்டு என்று அவர் பிற்காலத்தில் பலமுறை விளக்கியிருக்கிறார். அந்தப் பேதம் மேலோட்டமாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ஆடிப் பார்த்தவர்களுக்கோ அதுவே சர்வமும். பந்தயத்தில் ஓடுகிறவனுக்குச் சாலை என்பது கடக்க வேண்டிய தூரம். உல்லாசமாகப் போகிறவனுக்கு அந்தச் சாலையே அனுபவம். இங்கே கடிகாரம் மட்டும் இல்லாவிட்டால் அந்த உல்லாசமும் சோம்பலாக முடிந்துவிட்டிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. இயற்கைக் காட்சிகளை நின்று பார்க்க முடியாதபடி அது விரட்டுகிறதே என்று ஆரம்பத்தில் குறைப்பட்டுக்கொள்பவர்கள்கூட, நின்று பார்த்தால் அந்தக் காட்சிகளில் ஒன்றுமில்லை என்பதையும், ஓட்டத்தில்தான் அவற்றுக்கு உயிர் என்பதையும் சிறிது பழகிய பிறகு ஒப்புக்கொள்வார்கள்.

சுஸுகிக்கு இந்த எண்ணத்தை ஊட்டியது ‘கேனன்பால் ரன்’ என்ற அமெரிக்கத் திரைப்படம். அமெரிக்காவின் குறுக்கே கார் ஓட்டிச் செல்வதாகவே முதலில் அவர் யோசித்தார். ஆனால் அந்த தேசத்தின் விஸ்தாரத்தில் மைல் கணக்காகக் காட்சி மாறாமல் ஒரே மாதிரி நீண்டு கிடப்பதை உத்தேசித்து, ஐரோப்பாவுக்கு மனத்தைத் திருப்பினார். பிராங்பர்ட் நகரிலே காரை அமர்த்திக்கொண்டு, ஜெர்மானியக் கிராமப்புறங்கள், ஸ்விஸ் ஆல்ப்ஸ் மலைப்பாதைகள், பிரெஞ்சு ரிவியராக் கடற்கரை, இத்தாலி என்று சகாக்களோடு சுற்றி, வழிநெடுகப் படமெடுத்துத் திரும்பினார். மொனாக்கோவில் ஒரு டெஸ்டரோஸாவைக் கண்ட மாத்திரத்தில் தம் கதாநாயகனுக்கு உரிய வாகனம் இதுதான் என்று நிச்சயித்துவிட்டாராம். இதில் ஒரு வேடிக்கை: ஃபெராரி நிறுவனத்தார் 1984-இல் பாரிஸ் மோட்டார்க் காட்சியில் அறிமுகப்படுத்திய அந்தக் கார் கூரை உடையது. கூரையற்ற டெஸ்டரோஸா என்று அவர்கள் முறைப்படி செய்து கொடுத்தது ஒன்றே ஒன்று. அது ஃபியட் அதிபர் ஜான்னி ஆக்னெல்லிக்காக 1986-இல் தயாரான வெள்ளி நிறக் கார். கோடீசுவரர் ஒருவருக்கு மாத்திரமே வாய்த்த வாகனத்தை, அதே வருஷத்தில், காசு போட்டவர்கள் அனைவருக்கும் ஐந்து நிமிஷத்துக்கு உரிமையாக்கிக் கொடுத்த யூ சுஸுகியின் தாராளத்தை நான் மனமார மெச்சுகிறேன்.

இனி, அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையில் தெரியும் அந்த நெடுஞ்சாலைக்கு உண்மையில் ஆழம் என்பதே கிடையாது. முப்பரிமாண உருவங்களைக் கணித்து வரையும் ஆற்றல் அன்றைய கருவிகளுக்கு இல்லை. இருந்தவை இரண்டு மோட்டரோலா 68000 செயலிகளும், படங்களைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வல்ல விசேஷச் சுற்றுகளும். அவற்றைக்கொண்டு சாலையைக் கிடைமட்டமான மெல்லிய கோடுகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வரைகிறார்கள். அடுக்கி வைத்த சீட்டுக்கட்டை ஒரு பக்கமாகச் சற்றே தள்ளினாற்போல அந்தக் கோடுகளை வரிசை வரிசையாக நகர்த்தும்போது சாலை வளைகிறது. அவற்றின் இடைவெளியை நெருக்கியும் தளர்த்தியும் காட்டும்போது மேடும் பள்ளமும் பிறக்கின்றன. ஓரத்து மரமும் அவ்வாறே: ஒரே படம், தொலைவில் ஒரு புள்ளியாகத் தோன்றி, கணத்துக்குக் கணம் பெருகி, நம் தோளை உரசுவதுபோல விலகிப் போகிறது. மேட்டின் உச்சியை அடையும்போது அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒரு கணம் ஆகாயம் மட்டுமே திரையை நிறைக்கும். மறுகணம் பள்ளத்தாக்கும் அதன் வளைவுகளும், வழியை மறித்துக்கொண்டு ஒரு லாரியும் ஏககாலத்தில் வெளிப்படும். இத்தனையும் பிரமை என்று அறிந்த பிறகும் வயிற்றில் ஒரு கூச்சம் எழுகிறது. அந்தப் பிரமையின் லாகவத்தைத்தான் நான் கலை என்கிறேன். 1992-இல் இதே சுஸுகி அசலான முப்பரிமாணக் கணக்கைக் கொண்டு ‘வர்ச்சுவா ரேஸிங்’ என்ற விளையாட்டைச் செய்தார். அது அக்காலத்தில் பெரும் விந்தை. ஆனால் இன்று பார்க்கும்போது, மூலைமூலையாக முகங்கள் வெட்டப்பட்ட அதன் மலைகளும் மரங்களும் வயது காட்டுகின்றன. கையால் தீட்டிய ‘அவுட் ரன்’ சித்திரங்களுக்கோ அந்த மூப்பு வரவில்லை. இயந்திரத்தின் சக்தி எல்லைக்கு உட்பட்டிருந்ததால் கலைஞனின் தீர்மானம் அதிகம் தேவைப்பட்டது என்பது என் ஊகம்.

முதற்கட்டத்தின் முடிவில் சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் வருகிற கல் தோரணங்களை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிரம்மாண்டமான கற்களால் ஆன வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து தலைக்குமேல் கடக்கின்றன. மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றின் கீழே செல்லும்போது ஒரு தாளக்கட்டு ஏற்படுகிறது. எந்த நவீன விளையாட்டிலும் அதற்கு ஈடான ஓர் இடத்தை என் மகனால் எனக்குக் காட்ட முடியவில்லை.

தாளம் என்றவுடன் சங்கீதம் நினைவுக்கு வருகிறது. இந்த விளையாட்டின் சரிபாதிப் புகழ் ஹிரோஷி கவாகுச்சி என்ற இளைஞருக்குச் சேர வேண்டியது. நிரல் எழுதுவதற்காக வேலைக்கு வந்து, இசையில் இருந்த ஈடுபாட்டினால் இசையமைப்பாளராகிவிட்டவர் அவர். ஆட்டம் தொடங்குமுன் காரின் ரேடியோ நம்முன் தோன்றுகிறது. ‘பாஸிங் பிரீஸ்’, ‘ஸ்ப்ளாஷ் வேவ்’, ‘மேஜிக்கல் சவுண்ட் ஷவர்’ ஆகிய மூன்று உருப்படிகளில் ஒன்றை நாமே திருகித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். புறப்படுகிறவனின் மனோநிலை இன்னது என்று முதலில் அவனையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்த மரியாதை என்னை வெகுவாகக் கவர்ந்தது. எட்டுக் குரல்களே உள்ள ஒரு யமஹாச் சில்லையும், பதிவுசெய்த மேளச் சத்தங்களையும் வைத்துக்கொண்டு, கரீபியக் கடற்கரைகளின் தாளமும் அக்காலத்து ஜப்பானிய இளைஞர்கள் விரும்பிய ஜாஸ் கலப்பும் இழையோடுகிற மெட்டுகளை அவர் அமைத்திருக்கிறார். அவை பயணத்தின் அளவுக்கே நீண்டவை. அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப ஒரே அடியைச் சொல்லி அலுப்பூட்டுபவை அல்ல. உற்சாகம் மிகுந்த நாளில் ‘மேஜிக்கல் சவுண்ட் ஷவர்’ சிறந்தது என்பது பொது வழக்கு. என் கட்சி ‘பாஸிங் பிரீஸ்’. அதன் நடு அடிகளில் ஒரு சோம்பல் இருக்கிறது. வேகமாகப் போகும்போதுதான் அந்தச் சோம்பல் இனிக்கும்.

கடைசிக் கட்டம் தவிர, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடம் சற்றே இலகுவானது, வலம் கடினமானது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கிளைத்துக்கொண்டே போய் மொத்தம் பதினைந்து பிரதேசங்கள், ஐந்து முடிவிடங்கள், பதினாறு வழிகள். மணற்பாலையும் ஆல்ப்ஸ் மலையும் கோதுமை வயலும் பழைய தலைநகரும் ஒன்றுக்கொன்று அண்டை வீடுகளாக இருப்பதைப் பூகோளம் பயின்றவர்கள் ஆட்சேபிக்கலாம். ஆனால் பிரதேசம் மாறுகிற அந்தச் சில விநாடிகளில் ஓட்டம் நிற்காமலே தரையின் நிறமும் ஆகாயத்தின் நிறமும் மெல்ல மெல்ல வேறாகிக்கொண்டு வருவதைக் கண்டவர்களுக்கு ஆட்சேபிக்க மனம் வராது. ஓடுகிற வண்டியில் எல்லை எங்கே முடிந்தது, எங்கே ஆரம்பித்தது என்று யாரால் சொல்ல முடிகிறது?

பக்கத்து இருக்கைப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுக்குப் பேச்சு ஏதுமில்லை. ஓட்டத்தின்போது முதுகுப்புறத்தையும் காற்றில் பறக்கிற கூந்தலையும் தவிர அவளை நாம் காண்பதும் இல்லை. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் போய் மரத்திலோ பாறையிலோ மோதினால் கார் குட்டிக்கரணம் போடும். இருவரும் தூக்கியெறியப்பட்டுச் சாலையில் வந்து விழுவார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அப்போது அவள் அவனைக் கடிந்துகொள்வதாகவே எனக்குத் தோன்றும். வாழ்நாளில் பெரும் பகுதியைக் காரின் இடப்பக்க இருக்கையில், கைக்கு ஸ்டியரிங்கும் காலுக்கு பிரேக்கும் இல்லாமல், “கொஞ்சம் மெதுவாகப் போங்களேன்” என்ற ஒரே ஆயுதத்தோடு கழித்த என் போன்றவர்களுக்கு அவளுடைய கோபம் அத்துப்படி. இன்று ஓட்டுகிற இடத்தில் நான் இருந்துகொண்டு அதே ஏச்சை வாங்கிக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் இருக்கிறது. என் கணவர் பின்னால் வந்து நின்றுகொண்டு, “லாரி வருது பார்” என்கிறார்.

விளையாட்டுக் கூடங்களில் இருந்த மூல வடிவத்தில் காரைப் போலவே செய்த ஒரு பெரிய கூண்டுக்குள் ஏறி உட்கார வேண்டும். சாலை வளைகிறபோது கூண்டும் கூடவே அசையும். அந்தப் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. பழைய சேகா விளையாட்டுகளை மறுபதிப்புச் செய்வதில் கைதேர்ந்த எம்-டூ என்ற ஜப்பானியக் குழுவினர் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காகச் செய்த பதிப்பைத்தான் நான் ஆடுகிறேன். காரின் வடிவத்தில் மட்டும் சில நகாசுகளை மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி விசுவாசமான வேலை. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த ‘கியர் கச்சா’ என்றொரு தந்திரம் உண்டு: கியரைச் சடசடவென்று கீழும் மேலும் மாற்றினால், சாலையை விட்டுப் புல்தரையில் ஏறினாலும் கார் வேகம் இழப்பதில்லை. புள்ளிகள் பெருகுவதற்கு அது உத்தமமான உபாயம் என்று என் மகன் சிபாரிசு செய்கிறான். நெடுஞ்சாலை இருக்கும்போது புல்லில் ஓட்டிப்போவது எனக்கு அநாகரிகமாகப் படுவதால் நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் எல்லாப் பிரிவிலும் இடப்பக்கமே திரும்பி, திராட்சைத் தோட்டத்தில் முடிகிற வழியைப் பழகிக்கொள்வது நல்லது. கல் தோரணங்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன. கை தேறிய பிறகு, தோரணங்களைக் கடந்ததும் ஒருமுறை வலப்பக்கம் திரும்பி ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கலாம். அங்கிருந்து இடப்பக்கம் போனால் பழைய தலைநகரம், வலப்பக்கம் போனால் கோதுமை வயல். கடைக்கோடி வலப்பக்கத்து ஏரிக்கரையை எட்டுவதற்கு நல்ல அப்பியாசம் வேண்டும், அவசரமில்லை. எங்கே முடித்தாலும், பெயரைப் பொறிக்கிற கடைசித் திரை வந்தவுடனே கருவியை அணைத்துவிட வேண்டாம். கவாகுச்சி தம் நான்காவது உருப்படியான ‘லாஸ்ட் வேவ்’ என்பதை, அலையோசையோடு சேர்த்து, அங்கேதான் வைத்திருக்கிறார்.