தானாக லேன் மாறும் கார்கள்: டெஸ்லாவும் சூப்பர் குரூஸும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லேன் மாறும் வேலையைக் காரிடமே விட்டுவிடும் வசதிகளில் இரண்டு முக்கியமானவை. டெஸ்லாவின் ‘நேவிகேட் ஆன் ஆட்டோபைலட்’ 2018 அக்டோபரில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ‘சூப்பர் குரூஸ்’ 2017இல் காடிலாக் சிடி6 காரில் அறிமுகமானது. லேன் மாறும் திறன் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே சேர்ந்தது. இரண்டுமே இரண்டாம் நிலை உதவிகள். ஸ்டீயரிங்கைக் கார் திருப்பினாலும் பொறுப்பு ஓட்டுநருடையதுதான்.

டெஸ்லாவில், முன்னால் லாரி ஒன்று மெதுவாகப் போனால், பக்கத்து லேனுக்கு மாறலாம் என்று திரையில் ஒரு சாம்பல் நிறக் கோடு தோன்றும். ஓட்டுநர் இண்டிகேட்டரைத் தட்டிச் சம்மதம் சொன்னால் கார் நகரும். சூப்பர் குரூஸில் ஓட்டுநரே இண்டிகேட்டரைப் போட்டு மாறச் சொல்லலாம். பக்கத்தில் வண்டி இருந்தால், இடம் தேடிக்கொண்டிருப்பதாக மீட்டர் பலகையில் ஒரு வரி தெரியும். போக்குவரத்து சீராக இருக்கும்போது இரண்டும் நிதானமாக, குலுங்காமல் மாறுகின்றன. நீண்ட பயணத்தில் களைப்பு குறைவது உண்மை.

2019 ஏப்ரலில், சம்மதம் கேட்காமலே லேன் மாறும் அமைப்பை டெஸ்லா கொடுத்தது. அடுத்த மாதமே அதை ஓட்டிப் பார்த்த நுகர்வோர் இதழான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’, போதிய இடம் விடாமல் பிற வண்டிகளின் குறுக்கே கார் புகுவதாகக் கடுமையாக எழுதியது. பின்னால் வேகமாக வரும் வண்டிதான் இதில் பெரிய சிக்கல். அந்தக் காலத்து டெஸ்லாவின் பக்கவாட்டுக் கேமராக்கள் பின்புறம் அதிகபட்சம் 100 மீட்டர் வரை பார்ப்பவை. பின்வண்டி மணிக்கு 30 கி.மீ. கூடுதல் வேகத்தில் வந்தால் அந்தத் தூரத்தைக் கடக்க 12 விநாடி ஆகும், அது போதும். ஜெர்மனியின் ஆட்டோபானில் 120இல் போகும் காரை 200இல் வரும் கார் நெருங்கினால் கிடைப்பது நாலரை விநாடிதான். லேன் மாறி முடிக்கவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும். பின்வண்டி திடீரென பிரேக் அடிக்க நேரக்கூடாது என்பதற்காகவே, ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள ஐ.நா. 79ஆம் எண் விதி இத்தகைய வசதிகளுக்குக் கடிவாளம் போட்டது.

நெடுஞ்சாலைக்குள் நுழைவது இதைவிடக் கடினம். லேன் மாறும்போது இடம் இல்லாவிட்டால் இருக்கும் லேனிலேயே தொடரலாம். இணைப்புச் சாலையோ சிறிது தூரத்தில் முடிந்துவிடும். நல்ல ஓட்டுநர் பாதி வழியிலேயே கழுத்தைத் திருப்பிப் பார்த்து, எந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே புகுவது என்று முடிவு செய்து, அதற்கேற்ப ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். மற்ற ஓட்டுநர் வழிவிடுவாரா, முந்துவாரா என்பதையும் ஊகிப்பார். இந்த ஊகம் கருவிகளுக்கு எளிதல்ல. சூப்பர் குரூஸ் இந்த வேலையை ஏற்பதே இல்லை. ஓட்டுநர் தானே நுழைந்து லேனுக்கு வந்தபின் பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்டீயரிங்கில் பச்சை விளக்குப் பட்டை எரிந்த பிறகே கையை எடுக்கலாம். தன் எல்லையை இப்படித் தெளிவாகக் காட்டும் வடிவமைப்பு பாராட்டத்தக்கது.

பிறர் நுழையும் இடத்திலும் கவனம் தேவை. வலப்புறமிருந்து ஒரு கார் சேர வருவதை மனித ஓட்டுநர் முன்கூட்டியே கண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துவார். முன்வண்டிக்கேற்ப வேகத்தைச் சரிசெய்யும் குரூஸ் கட்டுப்பாடு பெரும்பாலும் அந்தக் கார் தன் லேனுக்குள் வந்த பிறகே பிரேக் பிடிக்கிறது. அந்த வெடுக்கென்ற பிரேக் பின்னால் வருபவருக்கு ஆபத்து.

கண்காணிப்பில் காடிலாக் ஒரு படி மேல்: அதன் கேமரா ஓட்டுநரின் பார்வை சாலையில் இருக்கிறதா என்று கவனிக்கிறது. டெஸ்லா நெடுங்காலம் ஸ்டீயரிங்கில் கை தரும் அழுத்தத்தையே நம்பியிருந்தது. 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் அதிகமான டெஸ்லா கார்கள் திருத்தத்துக்கு உள்ளானது இந்தக் குறையால்தான்.

டெஸ்லாவில் ஓட்டுநரின் சம்மதம் கேட்கும் அமைப்பை அணைக்காமல் வைப்பதே நல்லது. வேகத்தைக் காக்க லேன் மாறுவதற்கான தேர்வுகளில் ‘மைல்டு’ போதும். ‘மேட் மேக்ஸ்’ நெரிசலில் தேவையில்லாமல் லேன் தாவ வைக்கும். இணைப்புச் சாலையிலும் சாலைப் பணி நடக்கும் இடங்களிலும் கோடுகள் மறையும் மழையிலும் வசதியை அணைத்துவிட்டு ஓட்டுநரே ஓட்ட வேண்டும்.