‘இல்லை’ என்று சொல்ல ஓர் ஆள்

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கே.பி. சுந்தராம்பாளின் குரல்தான். 1973-இல் வந்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் முதிய அம்மையாராக நடித்துப் பாடியவர் அவர். எங்கள் ஊரின் பெயரைத் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்த குரல் அது. ஆனால் அந்தக் குரலுக்குரியவர் இளம் வயதில் எழுதிய கடிதங்களைப் படித்த பிறகு என்னால் அதைப் பழையபடி கேட்க முடியவில்லை.

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இலங்கை மேடையில் இணைந்து, 1927-இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிணக்கு வந்து கிட்டப்பா செங்கோட்டைப் பக்கம் ஒதுங்கியபோது சுந்தராம்பாள் எழுதியவை அந்தக் கடிதங்கள். மரியாதைப் பன்மை குறையாமல், நெஞ்சு எரிவதையும் மறைக்காமல், பதிலுக்கு ஏங்கி எழுதியிருக்கிறார். தமிழ் மேடை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான். எனக்கு அதில் ஒரு குறை தோன்றுகிறது. ஊர் ஊராக நாடகம் நடத்திய ஒரு பெண்ணுக்குத் தினந்தோறும் தபால் வந்திருக்கும். அச்சாரம் அனுப்பும் கண்ட்ராக்டர், கல்யாணத்துக்கு அழைக்கும் மிராசுதார், பள்ளிக்கூட நிதிக்கு ஓர் இரவு நாடகம் கேட்கும் ஊர்ப் பெரியவர் என்று எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அவர் எழுதிய பதில்கள் நம் பேச்சில் இடம்பெறவே இல்லை. அவருடைய கண்ணீரைப் பத்திரப்படுத்தினோம், கணக்கை விட்டுவிட்டோம். காதல் கடிதம் ஒரு பெண்ணைக் காட்டும். தொழில் கடிதம்தான் நடிகையைக் காட்டும்.

அந்தத் தொழிலின் மறுபாதிக்கு நம்மிடம் சரியான சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். பெயர்பெற்ற ராஜபார்ட் நடிகர் ஒருவர் டெல்டா ஊர் ஒன்றில் வந்து இறங்கினால் கொட்டகையில் நிற்பது மட்டும் அவர் வேலையாக இருக்காது. பெரிய வீட்டில் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட வீட்டில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். கோயில் திருப்பணிக்கு ஓர் இரவு விட்டுக்கொடுக்க வேண்டும். வசூல் நன்றாக இருந்தால் கண்ட்ராக்டருக்காக இன்னும் ஓர் இரவு. இதை வெறும் சுரண்டல் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாக இருந்த காலம் அது. பந்தியில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நடிகருக்கு இருந்த வழி அந்த அழைப்புகள்தாம். தர்மத்துக்கு ஆடிய நாடகங்கள் பல ஊர்களில் பள்ளிக்கும் கோயிலுக்கும் உதவின. அந்த ஊர்கள் நடிகரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்தன. தாட்சண்யம் தந்த மரியாதை பொய்யில்லை. அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

இதே விலையை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ஒருவர் வேறு விதமாகக் கொடுத்தார். லைசியம் தியேட்டரை நடத்திய ஹென்றி இர்விங் விருந்துக்குப் பேர்போனவர். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் 100-ஆவது இரவில், 1880 பிப்ரவரியில், மேடையிலேயே 300-க்கும் மேற்பட்டோருக்கு விருந்து வைத்தார். அவருக்கு வந்த கடிதக் குவியலுக்குப் பதில் எழுத ஓர் ஆள் இருந்தார்: 1878 முதல் மேலாளராக இருந்த பிராம் ஸ்டோக்கர். பின்னாளில் ‘டிராகுலா’ எழுதியவர் அவரேதான். நாளொன்றுக்கு ஐம்பது கடிதம் வரை எழுதியவர் என்று சொல்வார்கள். நன்றி, வருத்தம், மறுப்பு எல்லாம் அவர் வழியாகவே போயின. இந்த ஏற்பாட்டின் பலம் வெளிப்படை. 1895-இல் நடிகர் ஒருவருக்கு முதன்முறையாக சர் பட்டம் கிடைத்ததில் நடிப்போடு அந்த விருந்துகளுக்கும் கடிதங்களுக்கும் பங்கு உண்டு. இர்விங்கின் பெயரில் போன அத்தனை தாள்களிலும் அவரது சொந்தக் குரல் எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. அந்த வகையில், பதில் வராமலே எழுதிய சுந்தராம்பாளின் ஒரு கடிதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இர்விங் பட்டம் பெறுவதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1891-இல், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதன் நாடகங்கள் அரங்கேறிய விக்டோரியா பப்ளிக் ஹாலும் அதே மகாராணியின் பெயர் தாங்கியதுதான். சம்பந்த முதலியார் கண்ட வழி எளியது. சபையில் யாருக்கும் நடிப்புக்குக் கூலி கிடையாது. வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்தார்கள், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் மேடையேறினார். சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. ஆகவே பெரிய மனிதர் வீட்டு அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். அடுத்த வேளைச் சோறு அதில் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. தமிழ் மேடைக்கு அவர் தேடித்தந்த கௌரவம் மிகப் பெரியது. ஆனால் கூலி வாங்காதவர்களுக்குக் கிடைத்த அந்தக் கௌரவம், கூலிக்கு ஆடியவனுக்குத் தானாக வந்துவிடவில்லை. இரண்டு பேரும் ஒரே கலையைச் செய்தாலும், ஒருவர் கனவான், மற்றவர் கூத்தாடி என்ற பிரிவு இன்னும் ஆழமாயிற்று என்றே நினைக்கிறேன்.

பெண்ணுக்கு இது இன்னும் கடினம். கிட்டப்பா இறந்த பின் வெள்ளையுடுத்தி, ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் உறுதி பூண்டார். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். அதில் அவர் போட்டது ஆண் வேடம். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரானார். அழைத்த இடமெல்லாம் போய்ப் பாடியது அவருக்குப் பதவியும் வணக்கமும் தந்தது. துறவி போன்ற ஒரு விதவையாக நின்ற பிறகுதான் சமூகம் அவரைத் தயங்காமல் உள்ளே அழைத்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் திருவிழாக்களில் விடிய விடிய ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சங்கம் உண்டு, நாடகம் பேசி முடிக்க ஏஜெண்டும் உண்டு. அச்சாரம், தேதி, சம்பளம் எல்லாம் முன்பே முடிவாகிவிடுகின்றன. ஸ்டோக்கர் செய்த வேலையின் ஒரு பங்கை இவர்கள் செய்கிறார்கள். 1930-களின் நட்சத்திரங்களை அண்ணன் தம்பிகளும் கண்ட்ராக்டர்களும்தான் சூழ்ந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தில், நாடகம் நின்றாலும் தனக்கு நஷ்டமில்லை என்று சொல்லக்கூடியவர் யார்?

நாடகத்தை நிறுத்தச் சொல்ல ஆளில்லாத அந்த இடத்தில்தான் இர்விங்கின் கதையும் முடிந்தது. விருந்தும் பிரம்மாண்டக் காட்சிகளும் பணத்தைத் தின்றன, தீ விபத்து காட்சித் திரைகளைத் தின்றது, லைசியம் கைமாறியது. நோயோடு ஊர் ஊராகச் சுற்றி நடித்தவர் 1905 அக்டோபர் 13 அன்று பிராட்ஃபோர்டில் ‘பெக்கெட்’ நாடகம் முடித்துத் தங்கும் விடுதிக்குத் திரும்பியதும் இறந்துபோனார். ஸ்டோக்கராலும் அதைத் தடுக்க முடியவில்லை.

கிட்டப்பாவுக்கு அப்படியோர் இரவு 1933-இன் பிற்பகுதியில், எங்களுக்கு அடுத்த திருவாரூரில் வந்தது. உடல் சீர்கெட்டிருந்தும் மேடையேறினார், மயங்கி விழுந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி போய்விட்டார். வயது 27. அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் ரயிலேறிப் பேரளத்தில் வண்டி மாறினால் திருவாரூர். பிரெஞ்சுக்காரன் எல்லையைத் தாண்டி அவர் பாட்டைக் கேட்க எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போயிருப்பார்கள். இன்றைக்கு நாடகம் இல்லை, கிட்டப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கொட்டகை வாசலில் ஒருவர் வந்து சொல்லியிருந்தால், அவர்கள் பேசாமல் திரும்பி வண்டியேறியிருப்பார்களா?