கம்பளி போர்த்திய யானைகள்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறினால் தலை சுற்றும். எண்ணாமல் ஏறினாலும் சுற்றும். போய்விட்டு வந்த கையோடு, அந்தப் பக்கத்து ஆசாமி ஒருவர் தயாரித்த பழைய பயங்கரப் படம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். (1997-ல் நாமக்கல் பிரியும்வரை கொல்லிமலை சேலம் ஜில்லாதானே!)

'காடு', 1952. இங்கிலீஷில் 'தி ஜங்கிள்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரமும் ஹாலிவுட்டின் லிப்பர்ட் பிக்சர்ஸும் சேர்ந்து எடுத்தது. டைரக்டர் வில்லியம் பெர்க். ராட் காமரன், சீஸர் ரோமெரோ, இளவரசியாக மேரி வின்ட்சர். நம் எம்.என்.நம்பியாரும் உண்டு. லிப்பர்ட் சிக்கனத்துக்குப் பேர் போன கம்பெனி. சுந்தரமோ மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழு நீள கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்று எதையும் முதலில் செய்து பார்க்கிறவர்.

கதை சிம்பிள். யானைகள் வெறிகொண்டு கிராமங்களுக்குள் புகுந்து மிதிக்கின்றன. ஏன் என்று கண்டுபிடிக்க இளவரசியும், அவளுடைய ஆலோசகரும், ஓர் அமெரிக்க வேட்டைக்காரனும் காட்டுக்குள் போகிறார்கள். யானைகளையே விரட்டுகிற ஏதோ ஒன்று பின்னால் இருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று தெரியாதவரை படம் நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது. யானையே பயந்து ஓடுகிறது என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்? அப்புறம் காட்டிவிடுகிறார்கள். பனியுகத்து மாமத்! நிஜ யானைக்கு மேல் கம்பளி ரோமம் போர்த்தி, நம்ம ஊர் வெயிலில். "ஐயோ பாவம், அதைக் கழட்டி விடச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. பயம் அந்த நிமிஷத்தில் பரிதாபமாகிவிட்டது.

விஞ்ஞானத்தைக் குறை சொல்ல முடியாது. மாமத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆசிய யானைதான், ஆப்பிரிக்க யானை அல்ல என்கிறது டி.என்.ஏ. இன்று 'கலோசல்' என்ற அமெரிக்க கம்பெனி ஆசிய யானையின் ஜீன்களைத் திருத்தி மாமத் போல ஒன்றை உண்டாக்கப் பார்க்கிறது. 2025-ல் ஒத்திகையாகப் புசுபுசு ரோமத்துடன் எலிகளைக் காட்டினார்கள். 1952-ல் இவர்கள் செய்ததும் அதுதான், ஊசிதான் வேறு.

பட்ஜெட்டும் காரணமில்லை. கொல்லிமலையிலேயே அதைவிடச் சிக்கனமான பயங்கரம் ஒன்று இருக்கிறது: கொல்லிப்பாவை. தெய்வம் செய்து வைத்த பெண் உருவம். காற்று, மழை, இடி எதற்கும் அழியாது என்கிறது நற்றிணை. சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் என்பது வழிவழி நம்பிக்கை. ஏறக்குறைய ஒரு ரோபோ! பல்லும் நகமும் வைத்து யாரும் அதை விவரித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்திருக்கிறது.

'காடு' தன் பூதத்தைக் காட்டிய அவசரத்தில், தான் கேட்ட நல்ல கேள்வியையே மறந்துவிட்டது. யானை ஏன் ஊருக்குள் வருகிறது? கோவைப் பக்கமும் கூடலூர் பக்கமும் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யானையை விரட்டுவது யார்? பதில் முதலிலிருந்தே ஃபிரேமுக்குள் துப்பாக்கியோடு நடந்துபோய்க்கொண்டிருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் கம்பளிச் செலவு மிச்சமாகியிருக்கும்.