கயானா: பலியானோரைக் காணாத படம்

சமயத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமையைத் திரையில் காட்டுவோர் யார் பக்கம் நிற்கின்றனர் என்பதே நாம் எழுப்ப வேண்டிய முதல் வினா.

தென்னமெரிக்காவின் கயானாவில், அமெரிக்கப் போதகர் ஜிம் ஜோன்ஸ் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் 1978 நவம்பர் 18 அன்று 909 பேர் மடிந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது சயனைடு. மறு ஆண்டே மெக்சிகோ இயக்குநர் ரெனே கார்டோனா ஜூனியர், ‘கயானா: நூற்றாண்டின் குற்றம்’ எனும் படத்தைக் குறைந்த செலவில் எடுத்து முடித்தார். ஜோன்ஸ் அதில் ‘ஜான்சன்’ ஆனார்.

பெயரை மாற்றத் தெரிந்த படத்துக்குப் பலியானோரைப் பார்க்கத் தெரியவில்லை. போதகரின் ஆவேசமும் சிறுவர்கள் வதைபடும் காட்சிகளும் நீள்கின்றன. மக்களோ வெறும் கூட்டமாக நிற்கின்றனர். உண்மையில் மாண்டோரில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர். நிறபேதமற்ற வாழ்வை நாடிச் சென்றவர்கள். 300க்கும் மேற்பட்டோர் சிறார். பச்சிளங்குழந்தைகளின் வாயில் ஊசிக்குழலால் நஞ்சு செலுத்தப்பட்டது. இதனைக் ‘கூட்டுத் தற்கொலை’ என்பது எவ்வாறு பொருந்தும்?

அந்த இறுதிக் கூட்டத்தின் ஒலிநாடா எஞ்சியுள்ளது. அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற முதிய பெண்மணி, குழந்தைகளேனும் வாழ வேண்டுமென வாதாடுகிறார். கூட்டம் அவரை அடக்கிவிடுகிறது.

உயிர் இறைவனின் அமானிதம். எந்தத் தலைவருக்கும் நாம் செலுத்தும் கீழ்ப்படிதலுக்கு மார்க்கம் எல்லை வகுத்துள்ளது. அந்த எல்லையில் நின்று பேசியவர் அப்பெண்மணி. போதகரையே வியந்து நோக்கும் கேமரா அச்சத்தை விற்கலாம். எச்சரிக்கையைத் தர இயலாது.